பள்ளத்தில் இறங்கினால் டேஷ்போர்டு அணைகிறது!

லாரி எலக்ட்ரிக்கல் கேள்விகளுக்குக் கப்பலூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, என்னுடையது பன்னிரண்டு சக்கர வண்டி, பி.எஸ். 4. மேலூரிலிருந்து தூத்துக்குடிக்குக் கல் ஏற்றி ஓட்டுகிறேன். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சில சமயம் டேஷ்போர்டு மொத்தமும் அணைந்து, இன்ஜினும் விட்டுப் பிடிக்கிறது. சில நாள் ஒன்றுமே செய்வதில்லை. இரண்டு பேட்டரியும் மாற்றியாச்சு, டைனமோவும் மாற்றியாச்சு. இப்போது இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போயிருக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?
– மேலூர் வாசகர்

பதில்: இ.சி.எம்.மில் கை வைக்காதீர்கள் தம்பி. பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இ.சி.எம். மட்டும் கெட்டால் இன்ஜின் நிற்கும், சரி. டேஷ்போர்டு மொத்தமும் சேர்ந்து எதற்கு அணைய வேண்டும்? இரண்டுக்கும் பொதுவாகக் கரண்ட் வருகிற வழியில்தான் எங்கேயோ லூஸ். பேட்டரி கிளாம்பு, மெயின் சுவிட்ச், மெயின் பியூஸ், சாவி சுவிட்ச், எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவை சேஸிஸோடும் இன்ஜினோடும் சேர்க்கிற ஒயர்). தேட வேண்டிய இடம் இவ்வளவுதான்.

இதில் பாதியைச் செலவில்லாமல் கழித்துவிடலாம். கொஞ்ச நாளைக்கு பார்க்கிங் லைட்டைப் போட்டே ஓட்டுங்கள். அது சாவி இல்லாமலே எரிகிற லைட். டேஷ்போர்டு அணையும்போது அதுவும் சேர்ந்து அணைந்தால் கோளாறு பேட்டரிக்குப் பக்கத்தில். அது எரிந்துகொண்டே இருந்தால் சாவி சுவிட்சையும் அதற்கு வருகிற ஒயரையும் பாருங்கள். அணைகிற இடம், நேரம், அப்போது லோடா காலியா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 'எப்பவாவது வருது' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிற வண்டியில்தான் சாமானாக மாற்றிக்கொண்டே போவார்கள்.

அடுத்து எர்த். புது பேட்டரி வைத்தார்கள், பழைய கிளாம்பையே மாட்டினார்களா இல்லையா? மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் (கிளாம்பில் இல்லை, ஈயக் கட்டையில்) மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கேயோ தடை. பிறகு கட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவே, கிளாம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே, சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே என்று தனித்தனியாகப் பிடித்தால் இடம் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் ஒயரில் மட்டும் மீட்டரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். மீட்டர் கரண்டே இழுக்காது. உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 24 வோல்ட் என்று காட்டும். நான் பழைய 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். அது 3 ஆம்பியர் கேட்கும். மீட்டரில் 24 காட்டிய ஒயரில் இந்த பல்பு மங்கலாக எரிந்தால் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போகவேண்டியதுதான். பெரும்பாலும் லக்குக்கு (ஒயர் முனையில் போல்ட் மாட்டுகிற வளையம்) பின்னால் ஒரு விரல் நீளத்தில் உறை உப்பி இருக்கும். கீறிப் பார்த்தால் செம்பு பச்சையாகப் பூத்து மாவாக உதிரும். தூத்துக்குடி உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

இதிலும் சிக்கவில்லை என்றால் கேபினைத் தூக்கி லாக் போட்டுவிட்டு, கீல் பக்கம் வயரிங் கிட் (ஒயர்களெல்லாம் சேர்ந்த கட்டு) மடங்குகிற இடத்தைப் பாருங்கள். சாவி ஆனில் இருக்க, ஒருவர் ஒரு சாணுக்கு ஒரு சாணாக ஒயரை அசைக்கட்டும். ரிலே 'டிக்' என்றால் அங்கேதான்.

ஒன்று கேட்க மறந்தேன். சமீபத்தில் பாடியில் வெல்டிங் வைத்தீர்களா? பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி வைத்திருந்தால் வெல்டிங் பட்ட இடத்துக்குப் பக்கத்து எர்த்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது லோடு வண்டி இழுவையே இல்லை. டேஷ்போர்டு அணையவில்லை. இதுவும் ஒயரிங் கோளாறா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: முதலில் என்னிடம் வரவேண்டாம். டீசல் பில்டர், டர்போ ஹோஸ் கிளாம்பு இரண்டையும் பாருங்கள். டேங்க் மூடியைத் தளர்த்தியதும் இழுவை திரும்பினால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. இன்ஜின் லைட் எரிந்திருந்தால் மட்டும், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டு, அதில் வருகிற கோளாறு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் அடிக்கடி இறங்கிவிடுகிறதே, ஏன்?
– திருமங்கலம் வாசகர்

பதில்: 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்துதான் வண்டிக்கு 24 வோல்ட். நீங்கள் பாட்டு செட்டுக்கு 12 வோல்ட்டை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்திருப்பீர்கள். அந்த பேட்டரி பட்டினி கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். 24-க்கு 12 கன்வெர்ட்டர் ஒன்று மாட்டுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆம்பியரில் மாற்றுங்கள்.