கொதிக்கும் ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: டீச்சர், என் தம்பி குடும்பத்தோடு நியூஜெர்சியில் இருக்கிறான். வரும் ஏப்ரலில் இரண்டு குடும்பமும் டொமினிகா என்ற கரீபியன் தீவில் பத்து நாள் தங்கலாம், மலை, அருவி, கடல் என்று பிள்ளைகளுக்கு நல்ல சாகசமாக இருக்கும் என்கிறான். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 13. மகன் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. மகள் "நான் வரலை, நீங்க போங்க" என்கிறாள். என் கணவருக்குப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினாலே பயம். நீங்கள் அங்கே போய்வந்தவர். எங்களுக்கு இது சரிப்படுமா?
- வாசகி, புளியரை

பதில்: சரிப்படும், தங்கச்சி. தைரியமாகப் போய்வாருங்கள்.

டிக்கெட் போடும்போது முதலில் பெயரைப் பாருங்கள். டொமினிகா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. இரண்டாவது, ஸ்பானிஷ் பேசும் பெரிய நாடு. நீங்கள் போகப்போவது சுமார் 750 சதுர கிலோமீட்டர் தீவு. நம் தென்காசி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்குள்ளே 1,447 மீட்டர் உயரத்தில் ஒரு சிகரமும், எண்ணி முடியாத ஆறுகளும் இருக்கின்றன. ஆங்கிலம்தான் ஆட்சிமொழி. சுற்றுலாவுக்குப் போகும் இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம். ஆனால் வழியில் அமெரிக்காவில் விமானம் மாறினால் அமெரிக்க விசா வேண்டும். அதை இன்றே தொடங்கினால்தான் ஏப்ரலுக்குள் கிடைக்கும்.

நாங்கள் 2023 ஏப்ரலில் போனோம். டொராண்டோவில் இருக்கும் மகன், அவன் மனைவி, நான், தென்காசியிலிருந்து என் மகளும் அவள் பிள்ளைகள் இருவரும். பேத்திக்கு அப்போது 16, பேரனுக்கு 13. உங்கள் வீட்டுக் கணக்கேதான். பார்படோஸ் வழியாகப் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து தலைநகர் ரோசோவுக்குப் போகும் சாலை எனக்கு ஆரியங்காவு கணவாயையே நினைவுபடுத்தியது. அதே வளைவு, அதே ஈரம், சாலையோரம் வாழையும் சேம்பும்.

உங்கள் மகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். என் பேத்தியும் "வரலை" என்றுதான் ஆரம்பித்தாள். பிடிவாதம் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். கொதிக்கும் ஏரியைப் பார்க்க ஆறேழு மணி நேரம் காட்டுக்குள் நடக்கும்போது மாதவிலக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? மாமாவும் தம்பியும் கூட வரும்போது அதை எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தோம். மலையேறும் நாளை ஊரிலிருந்தே குறிக்கவில்லை. அங்கே போன பிறகு அவள் சொல்லும் நாளில் போவது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் தனிப் பை ஒன்றையும் மகள் தயார் செய்தாள். அவ்வளவுதான், பேத்தி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். உங்கள் மகளிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். காரணம் இதுவாகவே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஒன்று இருக்கும்.

கொதிக்கும் ஏரிக்கு லௌடா என்ற மலைக்கிராமத்திலிருந்து நடக்க வேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் பாதை. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வரும். செடி கொடி அதிகம் இல்லாமல், மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறை, காலுக்குப் பக்கத்திலேயே புஸ்ஸென்று நீராவி, அழுகிய முட்டை வாடை. அதைத் தாண்டினால் சுமார் 60 மீட்டர் அகலத்தில் சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் உலை கொதிப்பதுபோலக் குதிக்கும். பூமிக்கடியில் உருகிய பாறையிலிருந்து கிளம்பும் சூடான வாயு, ஏரியின் அடியில் உள்ள பிளவு வழியாக வந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. கரையோரத்திலேயே 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். முப்பது வருடம் கரும்பலகையில் எரிமலை வரைந்த எனக்கு, பேத்தி வந்து அதை விவரித்தபோது கண் கலங்கிவிட்டது. நான் ஏறவில்லை, லௌடாவிலேயே இருந்தேன்.

ஐந்து பேருக்கு இரண்டு வழிகாட்டிகளை வைத்தோம். செலவு கூடத்தான், ஆனால் அந்தப் பயணத்தில் எடுத்த நல்ல முடிவு அதுதான். பாதி வழியில் பேரன் "போதும், கால் நடுங்குது" என்றான். யார் போதும் என்றாலும் மறுபேச்சு இல்லை என்று முந்தின இரவே பேசியிருந்தோம். ஒரு வழிகாட்டியோடு மகள் அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள், மற்றவர்கள் மேலே போனார்கள். ஒரே வழிகாட்டி என்றால் எல்லாரும் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பதின்மூன்று வயதில் எல்லார் முன்னாலும் "முடியலை" என்று சொல்ல எவ்வளவு மனம் வேண்டும்! அதற்கு நாம் வழி விட்டு வைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் கணவரின் பயம் நியாயமானது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. லௌடா பக்கத்திலேயே டிட்டு என்ற மலையிடுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் குளிர்ந்த தண்ணீரில் நீந்தி உள்ளே போனால் ஒரு சின்ன அருவி. நாங்கள் இறங்க நின்றபோது எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. ஆனால் வழிகாட்டி தண்ணீரைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்றார். மகனுக்கு வருத்தம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று. நானும் பார்த்தேன். தெளிவாக இருந்த தண்ணீரில் லேசாகப் பழுப்பு ஏறி, இலைச் சருகு மிதந்து வந்தது. ஐந்தருவிக்கு மேலே மழை பெய்தால் முதலில் வரும் அதே நிறம். "திரும்பு" என்றேன். அரை மணி நேரத்தில் அந்த இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தத்தோடு புரண்டு வந்ததைப் பேரன் கரையில் நின்று பார்த்தான். இரண்டு நாள் கழித்து, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

இப்போதிருந்தே பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புங்கள். கிணற்றில் குதிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. முகக்கவசமும் மூச்சுக்குழாயும் வாங்கி இங்கேயே பழக்குங்கள். ஷாம்பெயின் என்று ஒரு பவளப்பாறைக் கரை இருக்கிறது. கடலடியில் எரிமலை வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி உடம்பெல்லாம் உரசும். மலையிலிருந்து பாதியில் திரும்பிய பேரன்தான் அங்கே முதலில் இறங்கியவன்.

மகனிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள். செலவுக் கணக்கை அவன் கையில் கொடுங்கள். அங்கே கிழக்கு கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று மாறாமல் இருக்கும். எங்கள் தினச் செலவு முழுவதையும் பேரன்தான் போனில் எழுதினான். ரோசோவில் விண்ட்சர் பார்க் மைதானத்தையும் காட்டுங்கள். நாங்கள் திரும்பி மூன்று மாதத்தில், அந்த ஜூலையில், நம் அஸ்வின் அங்கேதான் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். "பாட்டி, இந்த கேட் முன்னாடிதான் நாம இளநீர் குடிச்சோம்" என்று டிவி முன்னால் அவன் குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு நாள் கடுமையாக நடந்தால் அடுத்த நாளைச் சும்மா விடுங்கள். பத்து நாளில் நாலு பெரிய காரியம் போதும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் கேரளப் பள்ளியில் படிக்கிறார்கள். ஓணம் விடுமுறையில் அதே தீவுக்குப் போகலாமா?
- வாசகர், புனலூர்

பதில்: வேண்டாம். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்டும் செப்டம்பரும் மோசம். 2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல் உச்சபட்சமான ஐந்தாம் வகை வேகத்தில் அந்தத் தீவின் மேலேயே ஏறியது. பெரும்பாலான வீடுகளின் கூரை போயிற்று. உங்களுக்கும் ஏப்ரல், மே விடுமுறை இருக்கிறதே, அதுதான் நல்ல காலம்.

கேள்வி: டீச்சர், கடிதம் எழுதி முடிப்பதற்குள் என் அத்தையும் வருகிறேன் என்கிறார். 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். என்ன செய்வது?
- அதே புளியரை வாசகி

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா. டிராஃபால்கர் இரட்டை அருவியைப் பார்க்கும் மேடைக்குக் கொஞ்ச தூரம்தான், மெதுவாக நடக்கலாம். போர்ட்ஸ்மவுத் ஊரில் இந்தியன் ரிவர் என்ற ஆறு. மோட்டார் கிடையாது, துடுப்புப் படகுதான். கரையில் மரங்களின் வேர் பலகை பலகையாகத் தண்ணீருக்குள் மடிந்து இறங்கும். அத்தை உட்கார்ந்தபடியே காட்டைப் பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கு "ஐட்டல்" என்று கேட்கச் சொல்லுங்கள். ரஸ்தஃபாரி என்ற மத வழியில் இருப்பவர்கள் இறைச்சி இல்லாமல் சமைக்கும் உணவு. கீரை, சேம்பு, வாழைக்காய், சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள்.

வோட்டன் வேவன் கிராமத்தில் வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன. முழங்காலுக்கு அவ்வளவு இதமாக இருந்தது எனக்கு. அத்தை வெள்ளி மெட்டி போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும். கழற்ற மனம் வரவில்லை என்றால் கறுக்கட்டும். வீட்டுக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்தால் பழையபடி வெளுத்துவிடும். எனக்கு வெளுத்தது.