பரணில் ஏற்றிய பொம்மையைக் கீழே இறக்குங்கள்

கேள்வி: எங்களுக்கு ஈரோடு. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. போன மாதம் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு பேய்க்கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். அதில் ஒரு கதை. திருவிழாக் கடையில் ஒரு சிறுமி வாங்கும் விநோதமான பொம்மை முதலில் அவள் சொன்னதையெல்லாம் கேட்கிறது. அப்புறம் அவளுக்குப் பிடிக்காதவர்களை ஒவ்வொருவராகத் துன்புறுத்துகிறது. கடைசியில் அவளையே மிரட்டுகிறது. அவள் சொல்வதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதனால் தானே அதைக் கிணற்றில் போடுகிறாள். மறுநாள் காலையில் அது ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அத்தோடு கதை முடிகிறது.

இதைப் படித்த சில நாளில், நடு ராத்திரியில் தன் பேசும் பொம்மை தானாகவே சிரித்துப் பாடியதாக அழுதுகொண்டு வந்தாள். “கனவு கண்டிருப்பே, உளறாதே” என்று அதட்டித் தூங்க வைத்தேன். மறுநாள் பொம்மையைப் பரணில் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து அவள் குளியலறைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. மாமியார் சுற்றிப்போட்டுப் பார்த்தார். கணவர் இனிமேல் கதைப் புத்தகமே வேண்டாம் என்கிறார். ஆனால் அவளோ ஒரு நோட்டில் அதே மாதிரிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் படித்தேன். அதில் பொம்மை அவளுடைய தம்பியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறது. எனக்கே நடுக்கமாகிவிட்டது. பொம்மையை எரித்துவிடலாமா? புத்தகங்களை நிறுத்திவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அந்தப் பொம்மை அன்றைக்கு ராத்திரி சிரித்திருக்கும், பாடியும் இருக்கும். பேசும் பொம்மைக்குள்ளே ஒரு சின்ன சிப், ஒரு ஸ்பீக்கர், சில பேட்டரிகள், ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான் இருக்கும். பேட்டரி தீரும் நிலைக்கு வரும்போது மின்னழுத்தம் இறங்கும். சிப்புக்குத் தேவையான அளவுக்குக் கீழே போனால் அது தடுமாறி, நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படித் தொடங்கும்போது யாரும் அழுத்தாமலே பொம்மை குரல் கொடுத்துவிடும். குரலும் இழுத்து இழுத்து, கட்டையாக வரும். சில பொம்மைகளில் அதிர்வுக்கு வேலை செய்யும் ஸ்விட்ச் இருக்கிறது. அலமாரிக் கதவு லேசாக ஆடினாலே போதும். ஒன்பது வயதுக் குழந்தை இருட்டில் அதைத் தனியாகக் கேட்டிருக்கிறாள். சில நாள் முன்னால் படித்த கதையும் மனதில் இருந்திருக்கிறது. உங்களுக்கும் எனக்கும்கூட அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

நீங்கள் எழுதிய கதைச் சுருக்கத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘அவள் சொல்வதை வீட்டில் யாரும் நம்புவதில்லை’ என்று ஒரு வரி வருகிறது. பொம்மை கெட்டுப்போகும் கதைகள் பலவற்றில் இது இருக்கும். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வேலையில் இருப்பதால் இதைப் பல முறை கவனித்திருக்கிறேன். பொம்மை பல்லைக் காட்டும் இடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள், சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவார்கள். “அம்மா, அது என்னைப் பார்த்துச்சு” என்று கதையில் வரும் சிறுமி சொல்லி, அம்மா “போய்ப் படி” என்று சொல்லும் இடத்தில்தான் அப்படியே அடங்கிவிடுவார்கள். அந்த இடம் அவர்களுக்கு வலிக்கிறது. தனக்கு நிஜமாகவே ஏதாவது நடந்து, சொல்லியும் யாரும் நம்பாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் எந்தப் பொம்மையையும்விடப் பெரியது. அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் அந்தக் காட்சி அப்படியே நடந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எந்தத் தாயும் சொல்லக்கூடியதைத்தான் நீங்கள் சொன்னீர்கள், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சரிசெய்வதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள்: “அன்னிக்கு நீ சொன்னப்ப நான் நம்பலை கண்ணு. பொம்மை சத்தம் போட்டிருக்கும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. உன்னை அதட்டியிருக்கக் கூடாது.” இதை மட்டும் சொல்லுங்கள். உடனே பேட்டரி விளக்கத்துக்குப் போய்விட வேண்டாம். அவள் என்ன பேசுகிறாள் என்று கொஞ்ச நேரம் கேளுங்கள்.

அப்புறம் பொம்மை. எரிக்க வேண்டாம். யாருக்கும் தெரியாமல் குப்பையிலும் போட வேண்டாம். அவள் படித்த கதையில் தூக்கிப் போட்ட பொம்மைதானே திரும்பி வருகிறது? எரித்தால், அதற்குள் ஏதோ இருந்தது என்று பெரியவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். பிளாஸ்டிக் புகையும் யாருக்கும் நல்லதில்லை. பரணில் வைத்ததுதான் இப்போதைக்கு நிலைமையை மோசமாக்குகிறது. அது அவள் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எந்த நேரத்திலும் குரல் கொடுக்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில், அவள் பார்க்கும்படி கீழே இறக்குங்கள். வேண்டாம் என்றால் அவள் அறை வாசலில் நின்று பார்க்கட்டும். வற்புறுத்தக் கூடாது.

உங்கள் கணவரிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, பொம்மையின் முதுகைத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை நிறுத்தச் சொன்னவரும் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். இந்த வேலையில் அவரும் இருக்கட்டும். பேட்டரியை எடுத்ததும் குரல் நிற்பதையும், போட்டதும் வருவதையும் மகளே அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் மேல் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். அவள் துணிந்துவிட்டால் பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, குரல் எப்படி வேறுபடுகிறது என்று கேட்கலாம்.

அப்போது அவளுக்குச் சொல்ல ஒரு நிஜக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் 1890இல் பேசும் பொம்மையை விற்பனைக்கு விட்டார். வயிற்றுக்குள் குட்டி ஃபோனோகிராஃப் (பதிவு செய்த ஒலியைத் திரும்பக் கேட்க வைக்கும் கருவி) ஒன்று இருக்கும். முதுகுப் பக்கம் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டு வரும். தொழிற்சாலையில் இளம்பெண்களைக் கொண்டே அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பொம்மைகள் சீக்கிரமே பழுதாகின, குரலும் தெளிவாக இல்லை. சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய சில பதிவுகளை அண்மைக் காலத்தில் மறுபடி ஒலிக்க வைத்திருக்கிறார்கள். கேட்டால் பெரியவர்களுக்கே உடம்பு சிலிர்க்கும், ஆகவே ராத்திரியில் கேட்க வேண்டாம். எடிசன் செய்த பொம்மையே பயமுறுத்தியது என்று தெரிந்தால், தான் பயந்தது அசட்டுத்தனம் இல்லை என்று அவளுக்குப் புரியும்.

மனிதனைப் போலவே இருந்தும் முழுக்க மனிதனாக இல்லாத உருவம் ஏன் நம்மை இப்படிச் செய்கிறது என்பதைப் பற்றி ஜப்பானிய ரோபோப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். உருவம் மனித ஜாடைக்கு நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், மிக நெருங்கிய ஓரிடத்தில் அந்தப் பிடிப்பு சட்டென்று அருவருப்பாக மாறிவிடும் என்பது அவர் கருத்து. துணிப் பொம்மைக்கும் மரப்பாச்சிக்கும் பயப்படாத பிள்ளை, கண்ணைச் சிமிட்டும் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பயப்படுவதைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது.

பொம்மையைத் திறக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே இருப்பது காசு மாதிரித் தட்டையான பட்டன் பேட்டரி என்றால், அதுதான் அந்தப் பொம்மையில் இருக்கும் உண்மையான ஆபத்து. குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அரிக்கும் தன்மையுள்ள காரம் (அல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பொம்மையில் இனிமேல் பேட்டரியே வேண்டாம். பழைய பேட்டரிகளை டேப் சுற்றி, தம்பியின் கைக்கு எட்டாமல் வையுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அடுத்த பொம்மை வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, இத்தனையும் செய்தபின் பயம் போய்விடுமா? பகலில் போய்விடும். ராத்திரி மறுபடி வரலாம். இங்கிலாந்தில் உளவியலாளர் பால் ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காலிப் பெட்டியைக் காட்டி, உள்ளே ஒரு முயலோ பூதமோ இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெட்டி காலி என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அப்படியும் பூதத்தைக் கற்பனை செய்த சின்னப் பிள்ளைகளில் சிலர், அறையில் தங்களைத் தனியே விட்டுப் போக ஆராய்ச்சியாளரை விடவில்லை. தெரிந்துகொள்வதும் பயப்படுவதும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் நடக்கும். உங்கள் மகள் அவர்களைவிடப் பெரியவள், ஆனாலும் ராத்திரியில் இது யாருக்கும் பொருந்தும். அதனால் “எல்லாம் திறந்து காட்டினேனே, இன்னும் என்ன பயம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கொஞ்ச நாளைக்குக் குளியலறை வரை கூடப் போங்கள். அப்புறம் நடைவரை, அப்புறம் கூப்பிட்டால் குரல் கொடுக்கும் தூரம் வரை. அறையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பொம்மை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். விஜயதசமி இரவில் கொலுப் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணுகிறோமே, அதைப் போல இந்தப் பொம்மையையும் பேட்டரி இல்லாமல், துணி போர்த்தி, அவளே படுக்க வைக்கலாம். அதன் மேல் கை வைக்கும் அதிகாரம் தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னால் பகலில், அவளையும் கூட்டிப்போய்க் கொடுங்கள்.

உங்கள் மாமியார் சுற்றிப்போட்டதில் ஒரு கெடுதலும் இல்லை. பாட்டி மடியில் படுத்தால் பிள்ளைக்குத் தூக்கம் வரும். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். “ஏதோ அண்டியிருக்கு” என்ற மாதிரிப் பேச்சு குழந்தை காதில் பட வேண்டாம், அவ்வளவுதான். “அத்தை, நீங்க சொன்னா அவ நம்புவா. பொம்மையில பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

புத்தகங்களை நிறுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயமுறுத்தும் கதைகள் நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. முருங்கை மரத்து வேதாளத்தை அம்புலிமாமாவில் மாதாமாதம் படித்து வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. பேயாக வந்து பழிவாங்கும் பழையனூர் நீலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஊர்ச் சபைக்கு வந்து நிற்பாள். உயிரில்லாத பொருள் பிள்ளையாக நடிப்பதை நம் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாட்டி சொன்னபோது பிள்ளை பாட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பயம் அதிகமானால் பாட்டி கதையின் வேகத்தைக் குறைப்பார். புத்தகத்திலும் ஓரளவு அந்த வசதி உண்டு, மூடி வைத்துவிடலாம். செல்போன் வீடியோவில் அது இல்லை. ஒன்று முடிவதற்குள் இன்னும் மோசமான அடுத்தது தானே ஓட ஆரம்பித்துவிடும். எதையாவது நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அந்த வீடியோவை நிறுத்துங்கள்.

அவள் படித்த கதையில் ஒரு குறை உண்டு, அது முடிவு. பொம்மை திரும்பி வந்து உட்கார்ந்திருப்பதோடு நிறுத்துவது எழுத்தாளர்களுக்குப் பிடித்த உத்தி. பெரியவர்கள் அதை ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பது வயதில் அது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதுதான். ஆகவே அந்தக் கதையை மறுபடி பகலில் சேர்ந்து படியுங்கள். “மறுநாள் அந்தப் பொண்ணு என்ன செஞ்சிருப்பா?” என்று கேளுங்கள். அந்த அம்மா என்ன செய்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்களுக்குச் சொல்வதாக இருக்கும்.

இதையெல்லாம் செய்தும் சில வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, விட்டிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வந்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். பொம்மையைச் சாக்காக வைத்து அவள் வேறு யாரைப் பற்றியாவது பயப்படுகிறாளா என்பதையும் தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

கடைசியாக அந்த நோட்டு. நீங்கள் நடுங்கிய இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்னைப் பயமுறுத்திய பொம்மையை எடுத்து, தான் சொல்வதைக் கேட்கும்படி அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பியைப் பெட்டியில் பூட்டுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். மூன்று வயதுத் தம்பி இருக்கும் எந்த அக்காவுக்கும் அப்படி ஓர் எண்ணம் வராமல் இருக்காது. நாள் முழுக்க விட்டுக்கொடு, பொறுத்துப்போ என்ற பேச்சையே கேட்கும் பிள்ளை, ஒரு பொம்மையிடம் அந்தக் கோபத்தைக் கொடுத்து வைத்திருக்கிறாள். தினமும் கொஞ்ச நேரம் தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். நோட்டைப் படித்ததை மறைக்க வேண்டாம், கேட்காமல் படித்துவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவள் கோபப்படட்டும். கோபம் ஆறியதும், தம்பி பெட்டியிலிருந்து எப்படி வெளியே வருவான் என்று யோசித்து வைத்திருக்கிறாளா என்று கேட்டு, விருப்பமிருந்தால் அவளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.