காக்கர் ஸ்பேனியலுக்குக் காதில் நாற்றம்: மருந்து போட்டும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறோம். எங்கள் காக்கர் ஸ்பேனியலுக்கு 3 வயது. ஒரு வருடமாகக் காதில் நாற்றம், பழுப்பாகப் பிசுபிசுப்பு. சொட்டு மருந்து போட்டால் ஒரு வாரத்தில் சரியாகிறது. அடுத்த மாதமே திரும்ப வந்துவிடுகிறது. இப்படி 5 முறை ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார் மாமியார். இப்போது காதைத் தொட்டாலே உறுமுகிறான். 6 வயது மகள் இருப்பதால், யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பேச்சை நிறுத்தி வையுங்கள். ஒரு வருடமாகக் காது வலியோடு இருக்கும் நாய் உறுமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவன் குணம் கெட்டுப்போகவில்லை. வலிக்கிறது என்பதை அவனுக்குத் தெரிந்த வழியில் சொல்கிறான்.

5 முறை திரும்ப வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விடை அதில்தான் இருக்கிறது. நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராக உள்ளே போவதில்லை. கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்குகிறது. எல்லா நாய்களுக்கும் இப்படித்தான் என்றாலும், காக்கருக்கு அந்தக் குழாய்க்குள் முடியும் அதிகம், குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அதிகம். போதாததற்கு, மேலே கனமான காது மடல் மூடி போட்டதுபோல் தொங்குகிறது. உள்ளே சூடும் ஈரமும் வெளியேற வழியில்லை. உங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால், மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பழுப்பு நிறமும் புளித்த வாடையும் பெரும்பாலும் அதன் வேலைதான். ஆனால் அந்தப் பூஞ்சை ஆரோக்கியமான காதிலும் கொஞ்சம் இருக்கும். அது பெருகுவதற்கு ஏதோ ஒன்று இடம் கொடுக்கிறது. ஒரே காது என்றால் உள்ளே புல் விதையோ கட்டியோ இருக்கலாம். இரண்டு காதிலும் மாறி மாறி வந்தால், நான் முதலில் சந்தேகிப்பது ஒவ்வாமையைத்தான்.

காதுக்குழாயின் உள்பக்கமும் தோல்தான். உடம்பெங்கும் இருக்கிற ஒவ்வாமை காக்கரிடம் பல நேரம் முதலில் அங்கேதான் தலைகாட்டும். இவற்றைக் கவனியுங்கள்: பாதங்களை நக்குகிறானா? விரலிடுக்கில் முடி செம்பழுப்பாக மாறியிருக்கிறதா? அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கிறதா? ஆம் என்றால் காதை மட்டும் பார்த்துப் பயனில்லை.

சொட்டு மருந்து ஒரு வாரத்தில் கேட்டதற்கும் காரணம் உண்டு. நாய்களின் காதுக்குக் கொடுக்கும் பெரும்பாலான சொட்டு மருந்துகளில் கிருமிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு 2, 3 நாளிலேயே அரிப்பை அடக்கிவிடும். நாய் தலையை உதறுவதை நிறுத்தியதும் நாமும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். மடங்கிய குழாயின் அடியில் கிருமி அப்படியே இருக்கும். பல காதுகளுக்கு 2 முதல் 4 வாரம்வரை மருந்து தேவைப்படும். எப்போது நிறுத்துவது என்பதை நாற்றத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, காதுக் கசிவை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் இந்த முறை மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். ஒட்டோஸ்கோப் வைத்துச் செவிப்பறையைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். போவதற்கு 2 நாள் முன்பிருந்தே காதைக் கழுவ வேண்டாம். கசிவு இருந்தால்தான் மாதிரி எடுக்க முடியும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலைத் தொட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. பட்ஸும் கூடாது, அழுக்கை மடங்கல் வரைக்கும் தள்ளிவிடும்.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. சிக்கனும் மீனும் தின்று வளர்ந்த நாய் என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, 8 வாரம் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மட்டும் கொடுக்கலாம். இதுவரை ஆட்டிறைச்சி தின்னாதவனாக இருக்க வேண்டும். பிஸ்கட், தயிர், வாசனை சேர்த்த மாத்திரை எதுவும் கூடாது. மகள் கையிலிருந்து விழும் ஒரு துண்டு மேரி பிஸ்கட்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். 8 வாரத்தில் அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். 2 வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் காரணம் உணவு. குறையவே இல்லையென்றால் தூசு, மகரந்தம் பக்கம் மருத்துவர் தேடுவார். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான மருந்து இந்தக் காலம் முழுவதும் தவறாமல் நடக்கட்டும்.

காது ஆறிய பிறகு வாரம் ஒருமுறை, மருத்துவர் சொல்லும் காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, மடலுக்குக் கீழே அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு அவனே உதறட்டும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். மடலின் உள்பக்க முடியை மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள். குறுகலான, ஆழமான கிண்ணத்தில் சாப்பாடு வைத்தால் காது வெளியே தொங்கும், சோறு ஒட்டாது.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தாலோ, தடுமாறினாலோ, கருவிழி பக்கவாட்டில் ஆடினாலோ அன்றைக்கே காட்டுங்கள். நோய் உட்காது வரை போயிருக்கலாம். மடல் பூரிபோல் உப்பினால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கிறது. உதறி உதறி வருவது அது, அதற்கும் தாமதம் கூடாது.

மகள் விஷயத்தில் இப்போதைக்கு ஒரே விதி: காது ஆறும்வரை அவன் தலைப்பக்கம் கை வைக்கக்கூடாது. பெரியவர் பார்வையில் இல்லாமல் இருவரையும் தனியே விடவும் வேண்டாம். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கப் பழகிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். ஆறிய பிறகு முதலில் நீங்கள் கழுத்தைத் தொட்டு, ஒரு துண்டு வேகவைத்த ஆட்டிறைச்சி கொடுங்கள். சில நாள் கழித்துக் காது நுனி, பிறகு மடல். அவன் தானாகவே காதை நீட்ட ஆரம்பித்ததும், உங்கள் கை பக்கத்தில் இருக்க, மகள் கையாலும் ஒரு துண்டு கொடுக்கச் சொல்லலாம்.