அடக்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை

கேள்வி: வயது 46. ஒன்பது வருடமாக ஸ்கிளீரோடெர்மா, அதாவது தோல் இறுகிக் கெட்டியாகும் நோய். விரல்கள் சரியாக மடங்காது, குளிர்ந்தால் வெளுத்து நீலமாகிவிடும். சில மாதங்களாக மோஷனை அடக்க முடியவில்லை. போன மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது கசிந்துவிட்டது, எனக்கே தெரியவில்லை. எப்போதும் வயிறு உப்புசம், சில நாள் தண்ணீராகப் போகிறது. இப்போது விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஆண் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. இது உங்கள் கவனக்குறைவு இல்லை. ஸ்கிளீரோடெர்மா தோலோடு நிற்கிற நோய் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை எங்காவது பாதிக்கிறது. ஆசனவாயை நாம் நினைக்காமலே, தூக்கத்திலும் மூடி வைத்திருப்பது உள்வளையத் தசை. இந்த நோயில் அது மெலிந்து நார்போல ஆகிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கே தெரியாமல் கசிகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது உப்புசத்திலும் தண்ணீராகப் போவதிலும்தான். சிறுகுடல் மெதுவாக அசையும்போது அங்கே பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிவிடும், வயிற்றுப்போக்கு வரும். கெட்டியான மலத்தை ஓரளவு தாங்குகிற தசையால் தண்ணீரைத் தாங்க முடியாது. மூச்சுப் பரிசோதனையில் இதற்குத் தடயம் கிடைக்கும், ஆன்டிபயாடிக்கும் உண்டு. இதைச் சரிசெய்தாலே கசிவு பாதி அடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கடும் மலச்சிக்கலிலும் இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீர் கசியும், பார்ப்பவர்கள் பேதி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே மெதுவான குடலை அது ஒரேயடியாக நிறுத்திவிடலாம். இசப்கோலும் அப்படித்தான், சிலருக்கு உப்புசத்தை ஏற்றிவிடும்.

தசையின் பலத்தை அளக்க மேனோமெட்ரி என்று ஒரு சோதனை இருக்கிறது, மெல்லிய குழாய்தான், பயப்பட வேண்டாம். வெளிவளையத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். அதுவும் போதவில்லை என்றால் நரம்பைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: காலை டிபன் முடிந்து கால் மணி நேரத்துக்குள், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள், சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். விரல் மடங்காதவருக்கு நாடா முடிச்சு அவிழ்ப்பதிலேயே நேரம் போய்விடும், எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், இல்லாவிட்டால் விரல் வெளுக்கும். துடைக்காமல் ஒற்றி எடுத்து வாசலின் தடவுங்கள். காபி, பால் குடித்த நாட்களில் கூடுகிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

மலத்தில் ரத்தம், எடை குறைவது, வாந்தியோடு வயிறு வீங்குவது, இதில் எது இருந்தாலும் நாள் பார்க்காமல் உடனே போங்கள்.

அப்புறம், டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றீர்கள். சொல்லவே வேண்டாம். எங்களுக்கு எழுதிய இதே கடிதத்தை அவர் மேஜையில் வையுங்கள், வாரத்தில் எத்தனை முறை கசிகிறது என்பதை மட்டும் கீழே சேர்த்து.