நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் ஏன் தோன்றுகிறது? அது மழைக்கு அறிகுறியா?

சில இரவுகளில் நிலாவை நடுவில் வைத்துப் பெரிய வெண்வளையம் ஒன்று தெரியும். அதுதான் ஒளிவட்டம்.

தரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேல், மெல்லிய திரை போன்ற மேகம் பரவியிருக்கும். அதில் இருப்பது நீர்த்துளி அல்ல, அறுகோண வடிவப் பனித்துகள்கள். கண்ணாடியின் சீவிய விளிம்பில் வெயில் பட்டால் ஒளி வளைந்து சுவரில் வேறிடத்தில் விழுமே, அதே வேலையை ஒவ்வொரு துகளும் செய்கிறது. நிலவொளி பெரும்பாலும் 22 பாகை அளவுக்குத் திரும்புவதால், எல்லாப் பக்கமும் அதே தொலைவில் வளையம் உருவாகிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை கிட்டத்தட்ட அந்த அளவுதான். உள்விளிம்பு லேசாகச் சிவந்திருக்கும். இதை அவசியம் கவனித்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!

சரி, மழை வருமா? ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழியில் உண்மை உண்டு. மழை மேகக்கூட்டங்களுக்கு முன்னால் இந்த மென்மேகம் வருவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் மழை பெய்யாது.

வளையம் நிலாவுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வளையமோ நம் தலைக்கு மேலுள்ள மேகத்தில்தான் உண்டாகிறது.