படிக்க வயது ஏது? வாசகர் கேள்விகள்

கேள்வி: 44 வயதில் மறுபடி பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஒரு பாடத்தை நாலு தடவை படித்தாலும் அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. வயதுதான் காரணமா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. நாலு தடவை படிப்பதில்தான் சிக்கலே. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. எல்லோரும் ஒரு பகுதியைப் படித்தார்கள். அப்புறம் ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42. அத்தனை பேரும் இளவயதுக்காரர்கள், பாருங்கள்!

ஆகவே ஒரு முறை கவனமாகப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிதான் வரும். மனம் தளராமல், விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தாள்.

கேள்வி: வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு எடுக்கிறேன். என்ன கேட்டாலும் மௌனம். எனக்கு வயது 27. என் வயதுதான் தடையா?

பதில்: தம்பி, மாலை வகுப்பில் புள்ளியியல் எடுக்க ஆரம்பித்தபோது நானும் இதே மௌனத்தில் திணறினேன். மூன்று வாரம் திட்டவிலக்கத்துக்கு, அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் கணக்குக்கு, வரையறையும் சூத்திரமும் எழுதிப்போட்டேன். கடைசி வரிசையில் லேத் ஆபரேட்டர் ஒருவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், வேலையில் என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டேன். "நூறு பீஸ் கடைஞ்சா நூறும் ஒரே அளவு வராது சார். கொஞ்சம் கூடும், குறையும். எவ்வளவு வரைக்கும் விடலாம்னு கணக்கு இருக்கு" என்றார். நான் மூன்று வாரமாகச் சொல்ல முடியாததை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடுத்த வகுப்பில் சாக்பீஸை அவரிடம் கொடுத்தேன். அன்று ஒன்பது மணி தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பெரியவர்கள் பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் கூச்சம்தான் காரணம். தப்பாகச் சொல்லி நாலு பேர் முன்னால் சிறுத்துப்போக யாருக்கும் மனம் வராது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் கேள்வியைத் தொடங்குங்கள்.

பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் செய்ததும் இதுதான். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு ஏறக்குறைய 40 மணி நேர வகுப்புகளில் அவருடைய குழு எழுத்தறிவித்தது. செங்கல் போல, மக்கள் வேலையிலும் பேச்சிலும் புழங்கும் சொற்களைத்தான் அவர் எடுத்துக்கொள்வார். முதலில் படத்தைக் காட்டிப் பேசவிடுவார்கள். பிறகுதான் சொல்லை அசை அசையாகப் பிரிப்பார்கள். அன்று அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. திட்டம் நின்றது, அவர் சிறைக்குப் போனார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

கேள்வி: என் ஆய்வு நெறியாளரிடம் அத்தியாயம் கொடுத்து இரண்டு மாதமாகிறது. பதிலே இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

பதில்: நானும் இப்படிப் பயந்து ஐந்து மாதம் வீணாக்கியவன். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முழு அத்தியாயத்துக்குப் பதில் இரண்டு பக்கம், அதோடு இரண்டு கேள்வி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு மட்டும் அனுப்புங்கள். அறுபது பக்கத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இரண்டு பக்கத்தை உடனே படித்துவிடுவார்கள். சந்தித்தால், பேசியதை அன்றே சுருக்கமாக எழுதி அவருக்கு அனுப்பிவையுங்கள்.

கொள்கை வகுப்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒரு நெறியாளரிடம் எட்டுப் பேரை ஒப்படைத்துவிட்டு, அதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரம்கூடப் பணி அட்டவணையில் ஒதுக்காவிட்டால் அவர் எப்போது படிப்பார்? வகுப்பு நேரம் மாதிரி இதையும் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும். சரி, அது நடக்கும்வரை நீங்கள் இன்றைக்கே அந்த இரண்டு பக்கத்தை அனுப்பிவிடுங்கள். இரண்டு முறை எழுதியும் பதில் வராவிட்டால், துறையின் ஆய்வுக் குழுவுக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள்.