லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச்: கேள்வியும் பதிலும்

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவர்): அண்ணா, லினக்ஸின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப, எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்கலாமா?

தொடங்கலாம் தம்பி, ஆனால் அங்கேயே தங்கிவிடாதே. ஹார்டுவேரை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் இன்னும் பக்குவப்படாதவற்றுக்கென்றே கெர்னலின் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஸ்டேஜிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. எழுதும் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் சுட்டும் ஒரு சிறு திருத்தத்தை அங்கே செய்து அனுப்பு; மெயில் அமைப்பதிலிருந்து பதில் எழுதுவது வரை கை பழகும். மற்ற இடங்களில் வெறும் ஸ்டைல் திருத்தத்தைப் பல மெயின்டெய்னர்கள் (அந்தந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள்) விரும்புவதில்லை. இந்த வரி ஏன் வந்தது என்று கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கட்டளை) தேடும்போது உன் இடைவெளித் திருத்தம்தான் முன்னால் வந்து நிற்கும்.

அடுத்த பேட்ச் உன் மடிக்கணினியிலிருந்தே வரட்டும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையை ஓட்டி, பிழை ஏதும் இருக்கிறதா என்று பார். உனக்கு நேர்ந்த பிழையை உன்னால் சோதிக்க முடியும். அந்த ஹார்டுவேர் இல்லாதவரால் முடியாது.

கேள்வி: கிட்ஹப்பில் புல் ரெக்வஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கும்படி கோரிக்கை) போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லையே?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கிட்ஹப் பக்கம் ஒரு நகல்தான், அங்கே பேட்ச் வாங்குவதில்லை. பேட்ச் போகும் வழி மின்னஞ்சல். கிட் ஃபார்மட்-பேட்ச் கொண்டு கோப்பாக்கி, கிட் சென்ட்-ஈமெயில் கொண்டு அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பாதீர்கள். டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி, பேட்ச் பொருந்தாமல் போகும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை, மெயிலில் உள்ள பேட்சைப் பொருத்தும் கிட் ஏஎம் கட்டளை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோடு (நிரல்) சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதோடு எழுதும் விளக்கமான கமிட் மெசேஜை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதைக் கேட்டதற்கு நன்றி, புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கிறார்கள். நீங்கள் ஒரு வாரம் கழித்து வேறு வேலைக்குப் போய்விடலாம். அந்த வரியை ஆண்டுக்கணக்கில் காக்கப்போகிறவர் மெயின்டெய்னர். கோடு என்ன செய்கிறது என்பதை அவரே படித்துக்கொள்வார். ஏன் செய்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு டிரைவரின் புரோப் ஃபங்ஷன் (சாதனத்தைத் தயார்செய்யும் பகுதி) முதலில் சாதனத்தின் கிளாக்கை இயக்குகிறது, பிறகு இன்டரப்ட் (சாதனம் சிபியூவை அழைக்கும் சைகை) கேட்கிறது. இன்டரப்ட் கிடைக்காவிட்டால் அப்படியே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது. கிளாக்கை யாரும் அணைப்பதில்லை. திருத்தம் என்னவோ, கிளாக்கை அணைக்கும் இடத்துக்குத் தாவ ஒரு கோட்டூவும் (goto) ஒரு லேபிளும்தான். ‘மெமரி லீக் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் அது தவறு (விடுபட்டது மெமரி அல்ல, கிளாக்), ‘பிழை நீக்கம்’ என்றால் அதில் ஒன்றுமே இல்லை. எந்தப் பாதையில் தோல்வி வருகிறது, அப்போது எது இயங்கியபடி விடப்படுகிறது, அதனால் பயனருக்கு என்ன கெடுதல், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் – இவை நான்கும் வேண்டும். கோடை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்மேட்ச் போன்ற கருவி காட்டியது என்றால் அதைச் சொல்லுங்கள். ஹார்டுவேரில் ஓட்டிப் பார்க்கவில்லை, கம்பைல் மட்டும் செய்தேன் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிழையைக் கொண்டுவந்த கமிட் தெரிந்தால், ஃபிக்ஸஸ் வரியில் அதன் ஹாஷின் (கமிட்டின் அடையாளக் குறி) முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் போடுங்கள்.

இப்படி எழுத உட்காரும்போது, திருத்தமே தவறு என்று சில நேரம் புரிந்துவிடும். அதுவும் லாபம்தான்.

கேள்வி (ஐடி நிறுவன ஊழியர்): சார், கமிட் மெசேஜின் கடைசியில் நம் பெயரோடு போடும் சைன்ட்-ஆஃப்-பை வரி வெறும் சம்பிரதாயமா?

இல்லை. எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டபோது, கெர்னலில் உள்ள கோடு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. அதையொட்டி 2004இல் வந்த உறுதிமொழி இது. ‘இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். நீங்கள் எழுதும் கோடு நிறுவனத்துக்கே சொந்தம் என்று உங்கள் ஒப்பந்தம் சொன்னால், முதலில் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: அனுப்பி நான்கு நாள் ஆகிறது. பதிலே இல்லை.

குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். புதிய பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அப்போது மெயின்டெய்னர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அது முடிந்து ஆர்சி1 (அடுத்த பதிப்பின் முதல் சோதனை வெளியீடு) வந்தபின், மறுபடி அனுப்புவதைக் காட்ட ரீசென்ட் (RESEND) என்று குறித்து அனுப்பலாம்.

கேள்வி: விமர்சனம் கடுமையாக வந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. உங்கள் பேட்சை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார், அதுவே பெரிது. ஒவ்வொரு கருத்துக்கும் அதற்குக் கீழேயே பதில் எழுதுங்கள். உடன்படவில்லை என்றால் காரணத்தோடு மறுக்கலாம். பிறகு திருத்திய இரண்டாம் வடிவத்தை வி2 என்று குறித்து அனுப்புங்கள். என்ன மாறியது என்பதை கமிட் மெசேஜுக்கு அடுத்து வரும் மூன்று சிறுகோடுகளுக்கு (---) கீழே எழுதினால், அது கிட் வரலாற்றில் சேராது.

கேள்வி: என் சர்வரில் ஓடுவது பழைய எல்டிஎஸ் (நீண்டகாலம் பராமரிக்கப்படும்) கெர்னல். திருத்தத்தை நேராக அதற்கே அனுப்பலாமா?

முதலில் லினஸின் மரத்தில் (மூல கெர்னல் களஞ்சியம்) சேர வேண்டும். வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் குழுவின் முகவரியை கமிட் மெசேஜின் சிசி வரியில் போட்டிருந்தால், அங்கே சேர்ந்தபின் அந்தக் குழு எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்பில் பொருந்தாவிட்டால் உங்களுக்கு மெயில் வரும். அந்தப் பதிப்புக்கேற்ப மாற்றி, மூல கமிட்டின் ஹாஷோடு திருப்பி அனுப்புங்கள்.